குளிர்பதன அறையில் பிறந்த இசைத்தட்டு
ஒலிப்பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ‘திஸ் ஹீட்’ என்ற லண்டன் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். குழுவின் பெயர்தான் ஆல்பத்தின் பெயரும். மூன்று பேர், இரண்டரை வருடப் பதிவு, ஒலிநாடாவை வளையமாக்கிச் சுற்றவிடும் ‘டேப் லூப்’ வேலை, 1979-ல் வெளியீடு, நான் அதிகத் தடவை கேட்ட ஆல்பம் என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் அதற்கே.

கேள்வி: ஒரே ஒரு இசைத்தட்டுக்கு இரண்டரை வருடமா? அப்படி என்னதான் செய்தார்கள்? (வாசகர், தேனி)

1976 பிப்ரவரியில் தொடங்கி 1978 செப்டம்பர் வரை பதிவு செய்தவற்றிலிருந்து எடுத்தது அந்த ஆல்பம். இரண்டரை வருடமும் ‘ஆல்பம் பண்ணுகிறோம்’ என்று உட்கார்ந்திருக்கவில்லை. வாசித்தார்கள், வாசித்ததை நாடாவில் பிடித்து வைத்தார்கள், அப்புறம் அந்த நாடாவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே அதன்மேல் மறுபடி வாசித்தார்கள். மாவடுவை ஜாடியில் போட்டு மூடி வைத்துவிட்டு அவ்வப்போது திறந்து பார்ப்பது போன்ற வேலை அது.

சார்லஸ் ஹேவர்ட் டிரம்ஸ் வாசிப்பார், பாடுவார். இதற்கு முன்பே ‘குவைட் சன்’ என்ற குழுவில் வாசித்தவர். சார்லஸ் புல்லன் கையில் கிதார், கிளாரினெட், வயோலா. கரேத் வில்லியம்ஸ் கீபோர்டும் நாடாக்களும். தொடக்கத்தில் ஒத்திகை பார்த்த இடம் ஹேவர்டின் பெற்றோர் வீடு. தெற்கு லண்டனில் கேம்பர்வெல் பகுதியில் இருந்த அந்த வீட்டின் பரண் அறை. அங்கே தயாரித்த மாதிரி நாடா ஒன்றை பி.பி.சி. வானொலியின் ஜான் பீலுக்கு அனுப்பினார்கள். 1977-ல் இரண்டு முறை அவருடைய நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தது. கடையில் ஓர் இசைத்தட்டுகூட இல்லாத குழு தேசிய வானொலியில் ஒலித்தது.

இந்த ஆல்பத்தில் நான் இன்றுவரை வியப்பது, எல்லா வகைப் பதிவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. 24 தனித்தனித் தடங்களில் பதிவு செய்யும் ‘24 டிராக்’ ஸ்டூடியோவில் எடுத்ததும் இருக்கிறது, சாதாரண கேசட்டில் பிடித்ததும் இருக்கிறது. கேசட்டின் ‘ஸ்ஸ்’ சத்தத்தை அவர்கள் துடைத்து எடுக்கவில்லை. அந்த இரைச்சலுக்குள்தான் அந்த அறையின் காற்று இருக்கிறது.

கேள்வி: என் மகன் இணையத்தில் வாங்கிக் கொடுத்தான். முதல் துண்டில் ஒன்றுமே சரியாகக் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த நொடி இடி விழுந்த மாதிரி ஒரு ஓசை, தூக்கிவாரிப் போட்டுவிட்டது. பதிவில் ஏதாவது கோளாறா? (வாசகி, நாகர்கோவில்)

கோளாறு இல்லை அம்மா. அது அப்படித்தான். சத்தத்தைக் கூட்டாமல் கேளுங்கள். முன்கூட்டியே எச்சரிக்காதது என் தவறு.

அந்த முதல் துண்டின் பெயர் ‘டெஸ்ட்கார்டு’. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தொடங்கும் முன் வண்ணப் பட்டைகள் தெரியும், கூடவே ‘பீ’ என்று ஒரே சுருதியில் ஓசை வரும், நினைவிருக்கிறதா? பிரிட்டனில் அந்த நேரத்தில் ஒரு சிறுமியும் ஒரு கோமாளிப் பொம்மையும் இருக்கும் படத்தைக் காட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் டெஸ்ட் கார்டு. ஆல்பம் அந்தப் பெயரில் தொடங்கி, அதே பெயரில் முடிகிறது.

உங்களைப் பயமுறுத்திய அடுத்த துண்டு ‘ஹாரிசான்டல் ஹோல்ட்’. அதுவும் தொலைக்காட்சிச் சமாசாரம். பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அந்தப் பெயரில் ஒரு திருகு இருக்கும். அது கொஞ்சம் நகர்ந்துவிட்டால் முகங்கள் எல்லாம் சாய்ந்த கோடுகளாகக் கிழிந்து ஓடும். எங்கள் வீட்டில் அப்பா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் திருகுவார், நாங்கள் முன்னால் நின்று “ஆங், இப்ப சரி, ஐயோ போச்சு” என்று கத்துவோம். அந்தத் துண்டை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். தாளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று கிழிந்து வேறொன்றாகும், மறுபடி பழைய இடத்தில் வந்து நிற்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் அப்பாவின் கை ஞாபகம் வருகிறது.

கேள்வி: ஸ்டூடியோ வாடகைக்கு ஏது பணம்? (வாசகர், விழுப்புரம்)

சொந்தமாக ஓர் அறை பிடித்தார்கள். பிரிக்ஸ்டன் பகுதியில் ஏக்கர் லேன் என்ற தெருவில், இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரம் செய்துகொண்டிருந்த பழைய தொழிற்சாலை ஒன்று மூடிக் கிடந்தது. அதில் இறைச்சி வைக்கும் குளிர்பதன அறைதான் இவர்கள் இடம். ‘கோல்ட் ஸ்டோரேஜ்’ என்றே பெயரும் வைத்தார்கள்.

குளிர்பதன அறை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிச் சூடு உள்ளே வராமலிருக்க தடித்த சுவர். உள்ளே வராத சூட்டைப் போலவே சத்தமும் எளிதில் வெளியே போகாது. ஸ்டூடியோ கட்டுகிறவர்கள் பெரும் பணம் செலவழித்துச் செய்யும் காரியத்தை அந்தத் தொழிற்சாலை முன்பே செய்துவைத்திருந்தது. மணிக்கணக்கு வாடகை ஓடுகிற இடத்தில் யாரும் ஒரே ஓசையை முழு நாள் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. என்னைக் கேட்டால், இந்த ஆல்பத்துக்கு நான்காவது உறுப்பினர் என்று அந்த அறையைத்தான் சொல்வேன்.

கேள்வி: ‘டேப் லூப்’ என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் கணினியில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? (கல்லூரி மாணவர், சேலம்)

கேட்பதற்கு ஒன்று, செய்வதற்கு வேறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தம்பி. என் கைப் பழகிய வேலை இது.

1980களில் கோடம்பாக்கத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். கால் அங்குல நாடா, நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும். நான்கு நொடித் தாளம் வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நாடாவை வெட்டி, இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்க வேண்டும். அந்த வளையம் இயந்திரத்துக்குள் அடங்காது. வெளியே இழுத்து, ஒரு மைக் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு, தொய்யாமலும் இறுகாமலும் ஸ்டாண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்த வேண்டும்.

வெட்டுவதுதான் வித்தை. இரண்டு ரீல்களையும் கையால் மெல்ல முன்னும் பின்னும் உருட்டினால் டிரம் அடி ‘வ்வோ... வ்வப்’ என்று இழுத்துக்கொண்டு வரும். அந்த அடி எங்கே தொடங்குகிறதோ அங்கே மஞ்சள் மெழுகு பென்சிலால் ஒரு கோடு. பிறகு நாடாவை உலோகக் கட்டையின் பள்ளத்தில் படுக்க வைத்து, சவர பிளேடால் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டு வருமிடத்தில் ‘டிக்’ என்று கேட்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் கேட்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், அடியைத் தேடும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். ஒரு நாள் அவசரத்தில் கண்ணைத் திறந்தபடி கோடு போட்டு, ஒரு பாடகரின் மூச்சோடு சேர்த்து வெட்டிவிட்டேன். அந்த மூச்சு திரும்பக் கிடைக்கவில்லை. கீழே கிடந்த இரண்டு விரல்கடை நாடாவைப் பார்த்தபடி அன்று வெகுநேரம் நின்றேன்.

உன் கணினியில் ‘அன்டூ’ இருக்கிறது. அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டும் முன் இருபது தடவை கேட்கிற பழக்கம் நாடாக்காரர்களுக்குத் தானாக வந்தது. இந்த ஆல்பத்தில் அந்தக் கேட்டல் தெரிகிறது.

அதிலே ‘24 டிராக் லூப்’ என்றே ஒரு துண்டு உண்டு. சுற்றிச் சுற்றி வரும் ஒரு டிரம் தாளம், அவ்வளவுதான் சரக்கு. அதை ஹார்மனைசர் என்ற கருவி வழியாக விட்டார்கள். நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், தாளமும் வேகமாகிவிடும். ஹார்மனைசரில் தாளம் அப்படியே இருக்க, சுருதியை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம். ஒரே டிரம் ஒரு கணம் தகர டப்பா, மறு கணம் கிணற்றுக்குள் விழும் கல்.

பிரிக்ஸ்டனில் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் நிறைய. அவர்களுடைய ரெக்கே இசையில் ‘டப்’ என்று ஒரு முறை உண்டு: பாட்டை எடுத்துவிட்டு, டிரம்மையும் பேஸையும் விட்டுவைத்து, எதிரொலி சேர்த்து, மிக்சிங் மேசையையே வாத்தியமாக வாசிப்பது. அந்தக் காற்று இந்தத் துண்டிலும் வீசுகிறது. பதினைந்து வருடம் கழித்து லண்டனில், டிரம் தாளங்களை வெட்டி ஒட்டி வேகமாக ஓடவிடும் ‘ஜங்கிள்’ நடன இசை வந்தபோது, இதை அப்போதே செய்துவிட்டார்களே என்று பலர் இந்தத் துண்டைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள்.

கேள்வி: தயாரித்தது யார்? (வாசகர், கும்பகோணம்)

குழுவோடு சேர்ந்து அந்தோனி மூர், டேவிட் கன்னிங்ஹாம் இருவரும். வெளியிட்டது கன்னிங்ஹாமின் ‘பியானோ’ என்ற சிறு நிறுவனம். ‘ஃப்ளையிங் லிசர்ட்ஸ்’ என்ற பெயரில் அதே 1979-ல் பிரிட்டனில் பெரிய வெற்றிப் பாட்டு கொடுத்தவரும் இவர்தான்.

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து இசைக் குழு தொடங்கியிருக்கிறோம். ஒருவனுக்கு எந்த வாத்தியமும் தெரியாது. ஆனால் அவன் இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அவனை விட்டுவிடும்படி எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், மதுரை)

விட்டுவிடாதீர்கள். இந்த ஒரு கடிதத்துக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

திஸ் ஹீட் குழுவில் ஹேவர்டும் புல்லனும் தேர்ந்த வாத்தியக்காரர்கள். சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள். அவர்கள் கரேத் வில்லியம்ஸைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு முறையாக எந்த வாத்தியமும் தெரியாது. இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்தது கேட்கத்தான். தெரிந்தவர்களின் விரல் பழகிய பாதையிலேயே போகும். அவர் விரலுக்கு அப்படி ஒரு பாதையே இல்லை. ஆர்கனில் ஒரு சுரத்தை அமுக்கினால், அது போதும் என்று தோன்றும்வரை அமுக்கிக்கொண்டே இருப்பார் போலிருக்கிறது. ஆல்பத்தில் ‘நாட் வேவிங்’ என்ற துண்டைக் கேளுங்கள். நகராத அந்த நீண்ட ஓசையும், அதன்மேல் தண்ணீரில் தத்தளிக்கிற மாதிரி வரும் குரலும். இருவர் மட்டும் என்றால் அங்கே நிறைய சுரம் வாசித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

உங்கள் நண்பரிடம் ஒரு கேசட் ரெக்கார்டரோ செல்போனோ கொடுத்து, ஒத்திகை முழுவதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மறுநாள் அவர் கேட்டுவிட்டு ‘இந்த இடம்’ என்று காட்டுவதிலிருந்து தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: கடைசியில் ஒரு வியட்நாம் பாட்டு இருக்கிறதாமே? (வாசகர், புதுச்சேரி)

‘த ஃபால் ஆஃப் சைகோன்’. வியட்நாம் போரின் முடிவில், அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் 1975 ஏப்ரல் 30-ல் வீழ்ந்தது. அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பசியில் தூதரகப் பூனையைத் தின்பதாகக் கற்பனை. பூனைக்குப் பெயர்கூட உண்டு, சோடா. தாலாட்டு போல மெல்லப் பாடுகிறார்கள். அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது.

கேள்வி: அப்புறம் அந்த மூன்று பேரும் என்ன ஆனார்கள்? (வாசகி, கோவை)

1981-ல் ‘டிசீட்’ என்று இரண்டாவது ஆல்பம் வந்தது. அதுதான் கடைசி. கரேத் வில்லியம்ஸ் குழுவை விட்டு எங்கே போனார் தெரியுமா? உங்கள் ஊரிலிருந்து வாளையாறு தாண்டினால் வருமே, அந்தக் கேரளத்துக்கு. கதகளி படிக்க வந்தார். பிறகு லண்டனில் இந்தியச் சமயமும் இசையும் படித்தார். ‘ரஃப் கைட்’ வரிசையில் இந்தியாவைப் பற்றிய பயண நூலின் முதல் பதிப்பை எழுதியவர்களில் அவரும் ஒருவர். செண்டையும் மத்தளமும் விடிய விடிய ஒலிக்கும் கதகளி அரங்கில் அவர் உட்கார்ந்திருப்பதை நான் பல முறை கற்பனை செய்திருக்கிறேன். நாடாவை வளையமாக்கிச் சுற்றவிட்டவருக்கு அந்தத் தாளச் சுற்று எப்படிக் கேட்டிருக்கும்!

2001 டிசம்பரில் புற்றுநோயால் இறந்துபோனார். 48 வயது.

ஹேவர்டும் புல்லனும் 2016-ல் லண்டனில் கஃபே ஓட்டோ என்ற சின்ன அரங்கில் அந்தப் பாட்டுகளை மறுபடி வாசித்தார்கள். ‘திஸ் இஸ் நாட் திஸ் ஹீட்’, இது திஸ் ஹீட் அல்ல, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அன்று மூவரும் நாடாக்களுமாகச் செய்ததை வாசிக்க, மேடையில் இன்னும் பல கலைஞர்கள் தேவைப்பட்டார்கள்.