அப்பாவின் பேஸ்மேக்கரும் கட்டிலோரப் பெட்டியும்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஆறு மாதத்துக்கு முன் பேஸ்மேக்கர் வைத்தார்கள். கட்டில் பக்கத்தில் வைக்க ஒரு சிறிய பெட்டியும் கொடுத்தார்கள். இரவில் அது தகவல் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புமாம். "தினமும் இப்படிப் பேசினால் உள்ளே பேட்டரி தீர்ந்துபோகும், நெஞ்சுக்குள் கதிர்வீச்சு வேறு" என்று அப்பா பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். அவர் பயம் சரியா?

பதில்: இன்றைக்கே பிளக்கை மாட்டிவிடுங்கள், அம்மா. அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. சார்ஜ் போட வழியில்லாத ஒரு பேட்டரியை உடம்புக்குள் வைத்திருப்பவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பாரா?

அந்த பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. உங்கள் மொபைலில் இருப்பது அதைப்போல நாலைந்து மடங்கு, அதற்கே தினமும் சார்ஜ் போடுகிறோம். ஆனால் பேஸ்மேக்கர் சராசரியாக எடுப்பது 10 மைக்ரோ ஆம்பியரை, அதாவது ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். கணக்குப் போட்டால் ஒரு லட்சம் மணி நேரம், அதாவது பதினோரு வருடம் வருகிறது. நிஜத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். இதயத்தை எத்தனை முறை தூண்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

செலவில் பெரும்பங்கு இதயத்தைத் தூண்டுவதற்கும், ஒவ்வொரு துடிப்பையும் கவனிப்பதற்கும் போகிறது. ரேடியோ பகுதி ஏறக்குறைய எப்போதும் தூக்கத்தில்தான் இருக்கும். அவ்வப்போது கண நேரம் விழித்து, பெட்டி கூப்பிடுகிறதா என்று பார்க்கும். கூப்பிட்டால் சேர்த்து வைத்ததைச் சட்டென்று அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தினசரி இப்படி அனுப்புவதையும் சேர்த்துத்தான் பேட்டரியின் ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் பெட்டியில் பொத்தானை அழுத்தி நாமே அனுப்பும் வசதியும் உண்டு. மருத்துவர் சொல்லாமல் அதை அடிக்கடி அழுத்த வேண்டாம், அதுதான் பேட்டரியைத் தின்னும்.

அடுத்து, கதிர்வீச்சு. இப்படிப்பட்ட கருவிகளுக்கென்றே 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை ஓர் அலைவரிசை இருக்கிறது. அமெரிக்காவில் 1999இல் ஒதுக்கினார்கள், பிறகு பல நாடுகளும் ஏற்றுக்கொண்டன. வானிலை பலூன்கள் பேசுவதும் இதே பகுதியில்தான்! அலைவெண் கூடினால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் அலையை அதிகம் உறிஞ்சிவிடும், மிகக் குறைந்தால் ஆன்டெனா பெரிதாக வேண்டும். அதனால் இந்த நடுவிடம். கருவியின் டைட்டானியம் உறை அலையை வெளியே விடாது என்பதால், இதயத்துக்குப் போகும் ஒயரைச் செருகும் மேல்பகுதியில் ஆன்டெனாவைப் பதித்திருப்பார்கள். அது வெளிவிடும் திறனுக்கு உச்சவரம்பு 25 மைக்ரோவாட். 4ஜி போன் உச்சத்தில் 200 மில்லிவாட் வரை போகும், எட்டாயிரம் மடங்கு! சில புதிய கருவிகள் புளூடூத் வழியாக மொபைலுடன் பேசும், அங்கும் திறன் மிகக் குறைவுதான். இது எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சும் அல்ல.

அந்தப் பெட்டி அனுப்புவதில்தான் அப்பாவின் பாதுகாப்பு இருக்கிறது. ஒயரில் கோளாறு, பேட்டரியின் நிலை எல்லாம் அதில் தெரியும். முக்கியமாக, அவருக்கே தெரியாமல் வந்துபோகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு அதில் தெரியவரும். அந்தத் துடிப்பால் பக்கவாதம் வருவதற்கு முன்பே மருந்து தொடங்க அது வழி செய்யும்.

ஆனால் இது ஆம்புலன்ஸ் அல்ல. தகவல் போன உடனே யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நம்ப வேண்டாம். தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி வந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெட்டி கட்டிலிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். மொபைலை பேஸ்மேக்கர் இருக்கும் பக்கச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம், 15 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும். பின்புறம் காந்தம் உள்ள போன் என்றால் கட்டாயம். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் 60 சென்டிமீட்டர். அடுத்த பரிசோதனையில் பேட்டரி இன்னும் எத்தனை வருடம் வரும் என்று திரையிலேயே காட்டச் சொல்லி, அப்பாவையே பார்க்க வையுங்கள்.