அப்பத்தாவுக்கு வாயில் புற்றுநோய், 30 சிட்டிங் ரேடியேஷன் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பக்கத்தில் விடலாமா? காரைக்குடியிலிருந்து தினமும் மதுரை போய் வர முடியுமா?

எனக்கு ஊர் தேவகோட்டைப் பக்கம், மதுரையில் ரேடியோதெரபி டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். கன்னத்தில் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி கரண்ட் (ரேடியேஷனைத்தான் ஊரில் அப்படிச் சொல்வார்கள்) வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்துச் சொல்கிறேன்.

குழந்தை விஷயம் முதலில், ஏனென்றால் ஊருக்கு வந்தால் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். தாராளமாக அப்பத்தா மடியில் போடுங்கள். அவருக்குக் கொடுக்கப்போவது வெளியிலிருந்து பாய்ச்சும் எக்ஸ்ரேதான், நெஞ்சுப் படம் எடுப்பதைவிடப் பல மடங்கு சக்தி கூடியது, மெஷின் நின்றால் கதிரும் நின்றுவிடும், விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்காத மாதிரி. தைராய்டு புற்றுநோய்க்கு ரேடியோ அயோடினை மருந்தாக உள்ளுக்குக் கொடுப்பார்கள், அவர்கள்தான் சில நாள் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் ஒட்டாமல் இருக்க வேண்டும். யாருக்கோ சொன்ன அந்தப் பத்தியம் ஊர் சுற்றி எல்லாருக்கும் என்று ஆகிவிட்டது போல. தனித் தட்டு, தனி அறை என்று பெரியவரை ஒதுக்கி வைக்கிற கொடுமையெல்லாம் வேண்டாம்.

அது என்ன 30 சிட்டிங்? கதிர் செய்கிற வேலை, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழையை அறுப்பது. நல்ல செல்லுக்கும் அடி விழும், ஆனால் அது மறுநாளைக்குள் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு, அறுந்த இழையோடு இரண்டாகப் பிரியப் போய்ச் செத்துப்போகும். அதனால்தான் மொத்தமாக ஒரே நாளில் கொட்டாமல் நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரத்தில் 60 கிரே. செல் அடிபட்ட உடனே சாவதில்லை என்பதால் பலனும் சரி, புண்ணும் சரி, பிந்தித்தான் தெரியும். முதல் வாரத்தில் "எனக்கு ஒண்ணுமே செய்யலையே" என்று நடந்து வருகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் எச்சில் விழுங்க முடியாமல் வருவது எங்களுக்குப் பழகிப்போன காட்சி.

ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாக ஆறு வாரத்துக்குள் ரேடியேஷனை ஆரம்பித்துவிடுவது நல்லது. ஆடி போகட்டும், படைப்பு முடியட்டும் என்று தள்ளாதீர்கள். நடுவில் நாள் விடுவதும் அப்படித்தான். வாய், தொண்டைப் புற்றில் இடைவெளி விட விட மிச்சம் இருக்கும் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். மெஷின் ரிப்பேர், பண்டிகை லீவு என்று எங்கள் பக்கம் நாள் போனால் சனிக்கிழமை வரச் சொல்லியோ, ஒரே நாளில் ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுத்தோ ஈடுகட்டுவோம். முத்துமாரியம்மன் பால்குடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் அதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்.

தினமும் போய் வருவது முடியுமா என்றால், முடியும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், நடுவில் காத்திருப்பு. மெஷினில் படுத்திருப்பது என்னவோ பத்துப் பதினைந்து நிமிடம்தான். முதல் இரண்டு வாரம் தாங்குவார், அப்புறம் வாய் புண்ணாகிச் சாப்பாடு குறைந்தபின் அந்த அலைச்சல் ஆளைச் சாய்த்துவிடும். ஆஸ்பத்திரி பக்கமே ஒரு அறை பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ரேடியேஷனுக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் ஆரம்பிப்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு வேலை. ஒன்று பல். ஆடுகிற பல், சொத்தைப் பல் எல்லாம் முன்பே பிடுங்கிப் புண் ஆறியிருக்க வேண்டும், கதிர் பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு, இது பல வருடம் கழித்தும் பொருந்தும். இன்னொன்று மாஸ்க். பிளாஸ்டிக் வலைத் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கி, சூடு தணிந்து வெதுவெதுப்பாக இருக்கும்போதே முகத்தின்மேல் இழுத்து அமுக்குவோம், சில நிமிடத்தில் முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். தலை அசையாமல் இருக்கத்தான் அது, மூச்சு விடத் தடையில்லை. மாஸ்க் செய்யும் நாளன்று மூக்குத்தி, தோடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும், மாஸ்க்கோடு எடுக்கும் ஸ்கேன் படத்தில் உலோகம் கீற்றுக் கீற்றாக அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். நம் ஊர் ஆச்சிகளிடம் வைரத் தோட்டைக் கழற்றச் சொல்வது பெரிய பஞ்சாயத்து, திருகு வேறு வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கும். வீட்டிலேயே கழற்றிப் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள், புண்ணியமாகப் போகும்.

உள்ளே அவர் தனியாகத்தான் இருப்பார். மெஷின் சுற்றி வரும், உறுமும், உடம்பில் படாது, வலிக்காது, சுடாது. நாங்கள் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டுதான் இருப்போம், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம்.

உங்கள் வேலை முழுக்கச் சாப்பாடுதான். எடை குறைந்தால் மாஸ்க் தொளதொளவென்று ஆகும், தலை உள்ளே நகரும், போட்ட கணக்குத் தப்பும், சில சமயம் புது மாஸ்க் செய்து எல்லாம் மறுபடி ஆரம்பத்திலிருந்து. மிளகாயும் புளியும் அறவே ஆகாது, நம் வீட்டுக் குழம்பு எதுவுமே தேறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் கும்மாயத்தை இளக்கமாகக் கிண்டிப் பால் விட்டுக் கொடுங்கள், உளுந்து, பாசிப்பருப்பு, கருப்பட்டி, நெய் எல்லாம் ஒரே கிண்ணத்தில் இறங்கிவிடும், சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை, தயிர், மிக்ஸியில் அடித்த சாதம், எல்லாம் ஆறிய பிறகு. உப்பும் சமையல் சோடாவும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி கொப்பளிக்கட்டும். மூக்கு வழியாக டியூப் போடலாம் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். கழுத்துத் தோல் கறுக்கும், அதில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் என்று தடவ வேண்டாம். வெற்றிலைப் பெட்டியை எடுத்து ஒளித்துவிடுங்கள், புகையிலை இல்லாமல் வெறும் பாக்குதானே என்பார், அந்தப் பாக்கே புற்றுநோய் தருவதுதான்.

கடைசி சிட்டிங் முடிந்தபின் ஒன்றிரண்டு வாரம் புண் இன்னும் கூடத்தான் செய்யும், பயந்துவிடாதீர்கள். ருசி மெல்ல மெல்லத் திரும்பும், எச்சில் சுரப்பு முழுசாகத் திரும்பாமலும் போகலாம். வாயைத் திறந்து மூடும் பயிற்சியை மட்டும் அப்போதும் நிறுத்தாமல் செய்யச் சொல்லுங்கள். முடிந்த கையோடு ஸ்கேன் எடுத்துக் காட்டுங்கள் என்று டாக்டரை நெருக்க வேண்டாம். உள்ளே ரணமும் வீக்கமும் இருக்கும்போது எடுத்த படத்தில் எது நோய், எது புண் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், பொதுவாக மூன்று மாதமாவது போன பிறகுதான் எடுப்பார்கள்.