அம்மா எண்ணிய கதவுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 54. சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு திருமணத்தில் ஒன்றுவிட்ட தங்கையின் கணவர் பெயர் நினைவுக்கு வராமல் அவமானப்பட்டேன். தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் என்னை ‘மக்கு’ என்றுதான் அழைப்பார். அது உண்மைதான் என்று தோன்றுகிறது. 380 வெள்ளி கட்டி ஒரு மனவளப் பயிலரங்குக்குப் போனேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘என் நினைவாற்றல் அபாரமானது’ என்று 21 நாள் சொன்னால் மனம் நம்பிவிடும் என்றார்கள். சொல்லி முடித்தேன், முன்பைவிடச் சோர்வாக இருக்கிறது. இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டுமா? வல்லாரை மாத்திரை உதவுமா? வேலையில் மட்டும் மறதி இல்லை. எந்த வால்வு கப்பலின் எந்த அறையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் நான் என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். வல்லாரையைத் துவையல் அரைத்து உண்ணுங்கள். மாத்திரைக்குச் செலவு வேண்டாம். 21 நாள் கணக்கு, பழைய முகத்தின் பிம்பம் மனத்திலிருந்து மறையக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகும் என்று அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் ஒருவர் 1960இல் எழுதியதிலிருந்து வந்தது. ‘குறைந்தது’ என்ற சொல்லைப் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். இந்த வயதில் பெயர் மறப்பது இயல்பு. பழகிய வழியோ பழகிய வேலையோ மறந்தால் மட்டும் தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

இனி உங்களைக் கடிந்துகொள்ள வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஆசிரியரின் சொல்லைச் சுமந்திருக்கிறீர்கள். அதை இறக்கிவைப்பதற்காக இன்னொருவரிடம் பணம் கொடுத்து இன்னொரு சொல்லை வாங்கி வந்திருக்கிறீர்கள். இரண்டும் பிறர் உங்கள் வாயில் வைத்தவை. இரண்டையும் நீங்கள் சோதித்துப் பார்த்ததில்லை. கனடாவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வான எண்ணம் கொண்டவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட அதிகம் வருந்தினார்கள். ‘அபாரமானது’ என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் உங்கள் மனமும் அந்தத் திருமண மண்டபத்தை எடுத்து நீட்டியிருக்கும். நம்ப முடியாததைச் சொன்னால் மனம் எதிர்வாதம் செய்கிறது.

இதை நான் ஆய்வைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அறுபதுகளில் செம்பவாங் கடற்படைத் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் என் அம்மா நாற்பது வீடுகளுக்கு இட்லி கொடுத்துவந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. இரவில் அடுப்படியில் கண்ணை மூடி உட்கார்ந்து, விரலால் காற்றைத் தட்டியபடி கணக்குச் சொல்வார்: முதல் கதவு, பன்னிரண்டு இட்லி, அடுத்த கதவு, பழைய பாக்கி முப்பது காசு. மாதக் கடைசியில் ஒரு காசு பிசகியதில்லை. பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேற, அப்பா வேலையிழக்க, மறு ஆண்டு தோ பாயோவில் ஒன்பதாம் மாடியில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அம்மா மறுபடியும் இட்லி போட்டார். முதல் மாதமே கணக்குக் கெட்டது. ஏற்கெனவே பணம் கொடுத்த வீட்டில் மீண்டும் கேட்டு, அந்த அம்மாள் கத்தியதை நடைபாதை முழுவதும் கேட்டது. “எனக்கு மூளை மழுங்கிப் போச்சுடா” என்று சொல்லி, பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அப்போது அவருக்கு 43 வயது.

எனக்கு 14. “இல்லம்மா, உனக்கு நல்ல ஞாபகசக்தி” என்று தினமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். உங்கள் கண்ணாடி செய்ததைத்தான் நான் செய்திருக்கிறேன்.

அவரை மீட்டது நடைபாதைதான். பழைய குடியிருப்பில் ஒவ்வொரு கதவும் ஒரு மாதிரி. இங்கே எல்லாக் கதவும் ஒரே நிறம், ஒரே அளவு. அவர் மழுங்கவில்லை, கணக்கை வைக்க இடமில்லாமல் தவித்தார். அது அவருக்கே எப்படியோ புரிந்து, மாலையில் நடைபாதை நெடுக நடந்து ஒவ்வொரு வாசலிலும் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டார்: ஒரு வீட்டில் ஊதுபத்தி எரியும் சிவப்பு மாடம், ஒன்றில் பறவைக் கூண்டு, ஒன்றில் காகிதப்பூச் செடி. பிறகு வீட்டுக்குள் வந்து கண்ணை மூடி அதே வழியில் நடப்பார். ஏதேனும் ஒரு வாசல் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டே எழுந்து போய்ப் பார்ப்பார். மூன்றாம் மாதம் பானையை நிமிர்த்தினார்.

கூரை இடிந்து விழுந்த விருந்து மண்டபத்தில், யார் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை வைத்து உடல்களை அடையாளம் காட்டிய சைமோனிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் கதையைப் பிற்காலத்தில் படித்தபோது, எனக்கு அந்த ஒன்பதாம் மாடிதான் தெரிந்தது. வராத வாசலுக்காக அம்மா போராடிய அந்தப் போராட்டத்துக்கும் பொருள் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஒரே உரைப்பகுதியை ஒரு குழுவை மீண்டும் மீண்டும் படிக்கவும் இன்னொரு குழுவைப் பாராமல் நினைவிலிருந்து எழுதவும் செய்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த சோதனையில் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் எழுதியவர்கள் முந்தினார்கள். நினைவை வெளியே இழுக்கும் முயற்சிதான் அதை உறுதியாக்குகிறது. ஆகவே மனத்திடம் எதையும் சொல்லாதீர்கள், கேளுங்கள். அது விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்களைப் பற்றிய உங்கள் எண்ணத்துக்கு ஒரு சான்று சேர்கிறது; அந்தச் சான்றோடு மனம் வாதாடுவதில்லை.

வால்வைப் பற்றிய அந்த வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். ஒரு கப்பலின் வயிற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்தவர் தம்மை மக்கு என்று எனக்கு எழுதுகிறார்! என் அம்மாவின் வித்தை உங்களிடம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது; அதைப் பட்டறை வாயிலிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறீர்கள்.

இன்றிரவு அந்தத் திருமண மண்டபத்துக்குள் கப்பலுக்குள் நுழைவதுபோல் நுழையுங்கள். வாசலிலிருந்து தொடங்கி, வரிசை வரிசையாக, யார் எங்கே அமர்ந்திருந்தார் என்று கேளுங்கள். அந்தத் தங்கையின் கணவர் இருந்த நாற்காலியருகில் சற்று நில்லுங்கள். அப்போதும் பெயர் வராவிட்டால் நாளைக் காலையில் தங்கையைத் தொலைபேசியில் அழைத்துத் தயங்காமல் கேளுங்கள். பிறகு படுக்கும்முன் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, எதையும் பாராமல் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போய் அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள்.