வாடகை மிச்சமாகும் என்பதற்காகச் சேர்ந்து வாழலாமா?

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். உடன் பணிபுரிபவரும் நானும் காதலிக்கிறோம். இருவருக்கும் திருமண வயதுதான். ‘தனித்தனியே பி.ஜி.க்குப் பணம் கட்டுவானேன், ஒரே வீடு எடுத்தால் செலவும் குறையும், ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவும் முடியும்’ என்கிறார். திருமணப் பேச்சை எடுத்தால், ‘பிறகு பார்க்கலாம்’ என்கிறார். லிவிங் டுகெதர் எங்கள் உறவைப் பலப்படுத்துமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேர்ந்து வாழ்வதாலேயே ஓர் உறவு கெட்டுவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றமே 2010-இல் கூறியிருக்கிறது. எனக்குக் கவலை தருவது, வீட்டுக்கு அவசரப்படுபவர் திருமணத்துக்கு மட்டும் தவணை கேட்பதுதான்.

அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழக உளவியலாளர்களான ஸ்காட் ஸ்டான்லியும் கலீனா ரோட்ஸும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள். திருமணம் நிச்சயமான பிறகு ஒரே வீட்டில் குடியேறியவர்களைவிட, அதற்கு முன்பே குடியேறியவர்களிடையே பின்னாளில் மணமுறிவு அதிகமாக இருந்ததை அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. பொதுவான வாடகை ஒப்பந்தம், இருவர் பணத்தில் வாங்கிய பொருள்கள், கூட்டுச் செலவு என்று கட்டுகள் கூடக்கூடப் பிரிவது கடினமாகி, மனம் முழுதாக ஒப்பாத உறவும் திருமணம்வரை இழுபட்டுச் சென்றுவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அமெரிக்கச் சூழல் வேறுதான் என்றாலும், பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பெங்களூரில் அந்தக் கட்டு இன்னும் இறுக்கமானது. ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்து, அட்வான்ஸில் பாதி உங்களுடையதாக இருந்தால், மனம் கசந்த நாளில் பெட்டியுடன் வெளியேற வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ‘திருமணத்தின் தன்மையிலான உறவில்’ வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால், வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில் 2010-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இருவரும் திருமணத்துக்குத் தகுதியுடையவர்களாக இருந்து, கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்ததோடு, சமூகத்தின் முன் கணவன் மனைவி போலத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்கவும் வேண்டும் என்றது. ஊரில் பெற்றோரிடம் ‘தோழியுடன் தங்கியிருக்கிறேன்’ என்று சொல்லி ஒளித்து வாழும் பெண்ணால் இதை எளிதில் நிரூபிக்க முடியாது.

ஆகவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பு, திருமணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா, இரு வீட்டாரிடமும் எப்போது பேசுவார் என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். மறுபடியும் ‘பிறகு பார்க்கலாம்’ என்றால், வீடு எடுப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, பி.ஜி.யிலேயே இருங்கள்.