ஏ1 எடுத்துவிட்டு பி1.1-க்குப் போகலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தேன். விமானப் பராமரிப்பு எஞ்சினீயர் ஆக ஆசை. ஒரு கல்லூரியில், "முதலில் ஏ1 எடு, சீக்கிரம் வேலைக்குப் போய்விடலாம், பிறகு பி1.1-க்கு மாறிக்கொள்" என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பி2-வில் போட்டி குறைவு என்கிறார்கள். எதில் சேர்வது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: நேராக பி பிரிவிலேயே சேருங்கள். வீட்டு நிலைமை காரணமாக உடனே சம்பாதித்தாக வேண்டும் என்றால் மட்டும் ஏ1-ஐ யோசிக்கலாம்.

ஏ1, பி1.1, பி2 எல்லாம் விமானப் பராமரிப்பு எஞ்சினீயர் லைசென்ஸின் பிரிவுகள். வேலை முடிந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று யார் கையெழுத்துப் போடலாம் என்பதில்தான் இந்தப் பிரிவுகள் வேறுபடுகின்றன. ஏ1 வைத்திருப்பவர் தன் கையால் செய்த வேலைக்கு மட்டுமே கையெழுத்திட முடியும். அந்த வேலையும் நிறுவனம் அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் இருக்க வேண்டும்: சக்கரம், பிரேக் யூனிட், விளக்கு, சீட் பெல்ட், பேட்டரி மாற்றுவது, எண்ணெய் நிரப்புவது போன்றவை. இரவு ஷிப்டில் ஏ320-இன் தேய்ந்த டயரைப் பார்த்துச் சக்கரத்தை மாற்றுகிறீர்கள், கையெழுத்தும் போடுகிறீர்கள். பக்கத்திலேயே லேண்டிங் கியர் ஸ்ட்ரட்டில் (சக்கரத்தைத் தாங்கும் காலில்) எண்ணெய் கசிந்திருக்கிறது. அது அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா, சீல் போய்விட்டதா என்று முடிவு சொல்ல பி1.1 எஞ்சினீயர் வந்தாக வேண்டும்.

கல்லூரிக்காரர்கள் காட்டும் கால வித்தியாசம் உண்மைதான். அங்கீகாரம் பெற்ற பயிற்சி ஏ1-க்கு 800 மணி நேரம், அதன்பின் ஓராண்டு அனுபவம். பி1.1, பி2 இரண்டுக்கும் 2,400 மணி நேரம், அதன்பின் இரண்டாண்டு. ஆனால் ஏ1-க்கு எழுதிய தேர்வுகள் பி1.1-க்கு அப்படியே செல்லாது. அதே மாட்யூல்களை (பாடத்தாள்களை) இன்னும் ஆழமான நிலையில் திரும்ப எழுத வேண்டும். மாட்யூல் 4, அதாவது எலெக்ட்ரானிக்ஸ், ஏ1-இல் கிடையவே கிடையாது. அதைப் புதிதாகப் படிக்க வேண்டும். ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்வது கடினம், பலர் நின்றுபோவது இங்கேதான். பி1.1 வாங்கினால் ஏ1-இன் உரிமைகள் தானாகவே அதில் அடங்கிவிடும்.

அடுத்தது பி1.1-ஆ, பி2-ஆ என்பது. போட்டியைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள், நாற்பது வருஷம் செய்யப்போகும் வேலை இது. எஞ்சின், விமானத்தின் உடல்பகுதி, ஹைட்ராலிக்ஸ், மின்சார அமைப்பு எல்லாம் பி1.1-இன் பொறுப்பு. ஏவியானிக்ஸிலும் (விமானத்தின் ரேடியோ, வழிகாட்டி போன்ற மின்னணுக் கருவிகளிலும்) ஒரு வி.எச்.எஃப். ரேடியோ பெட்டியை மாற்றி, சுயசோதனை 'சரி' என்று காட்டினால் பி1.1 கையெழுத்திடலாம். பெட்டியை மாற்றியும் கோளாறு விட்டு விட்டு வருகிறதென்றால், வயரிங் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கனெக்டராகத் தேடுவது பி2-வின் வேலை. அந்தத் தேடலில் பொறுமையும் ருசியும் உள்ளவர்களுக்கு பி2 அருமையான பிரிவு. பி1.1-இல் வரும் 11, 15, 17 மாட்யூல்களுக்குப் (விமான அமைப்பு, எஞ்சின், புரொப்பல்லர்) பதில் இங்கே 13, 14 (ஏவியானிக்ஸ் சார்ந்தவை) வரும். மாட்யூல் 4-ம், டிஜிட்டல் நுட்பம் பற்றிய மாட்யூல் 5-ம் கூடுதல் ஆழத்தில் வரும். பி1.1, பி2 இரண்டையும் சேர்த்துப் படிக்க முயலாதீர்கள். ஒன்றை வாங்கிய பின் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய பராமரிப்புக்கான சி பிரிவைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

எந்த மாட்யூலானாலும் தேர்ச்சிக்கு 75 சதவீதம் வேண்டும். 20 கேள்வியில் 14 சரி என்றால் தோல்விதான்.

சேரும் முன், அந்தக் கல்லூரிக்கு டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம்) கொடுத்த அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் அது செல்லும். பி1.1-க்கு மட்டும் அனுமதி உள்ள இடத்தில் பி2 படித்தால் அது அங்கீகாரமில்லாத படிப்பு. அப்போது இரண்டாண்டு அனுபவம் போதாது, ஐந்தாண்டு வரை கேட்பார்கள். லைசென்ஸ் வந்தாலும் பி பிரிவினர் ஏ320-க்குக் கையெழுத்திட டைப் ரேட்டிங், அதாவது அந்த விமான வகைக்கான தனித் தகுதி, தேவை. அதில் எஞ்சினும் சேர்த்தே குறிக்கப்படும். லீப் எஞ்சின் வேறு, பி.டபிள்யூ.1100ஜி வேறு.

அனுபவ லாக்புக்கைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். தேதி, விமானத்தின் பதிவெண், செய்த வேலை, ஜாப் கார்டு எண் எல்லாம் வேண்டும். "எஞ்சின் வேலை" என்று பொதுவாக எழுதாமல் "எண் 2 எஞ்சின் ஸ்டார்ட்டர் வால்வு மாற்றம்" என்று எழுதி, மேற்பார்வை எஞ்சினீயரிடம் அந்த வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அவர் வேறு ஊருக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறியிருப்பார்.