டெபியன் 12 படுத்து 13 ஆக எழுந்தால்: டெலிபோன் சர்வர் கேள்வி பதில்

கும்பகோணம், மருத்துவமனை: அண்ணா, பிரீபிபிஎக்ஸ் 17 (டெலிபோன் எக்ஸ்சேஞ்சை வெப் பக்கத்தில் நடத்தும் மென்பொருள்) ஓடும் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) பெட்டியில் ராத்திரி ஃபுல்-அப்கிரேடு (எல்லாவற்றையும் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தேன். காலையில் டெபியன் 13 என்கிறது. வெப் பக்கம் திறக்கவில்லை, போன் கால் மட்டும் போகுது, வருது. ரீபூட் பண்ணட்டுமா?

பதில்: கையை எடுங்க தம்பி. அப்கிரேடுக்கு முன்னால் மெமரியில் ஏறிய பழைய ஆஸ்டெரிஸ்க்தான் (கால்களை இணைக்கும் மென்பொருள்) இன்னும் ஓடுது. நிறுத்தினால் மறுபடி எழும் என்று நம்ப முடியாது. பிரீபிபிஎக்ஸ் 17 கேட்பது பிஎச்பி (அது எழுதப்பட்ட மொழி) 8.2, டெபியன் 13-ல் இருப்பது 8.4. எஃப்டபிள்யூகன்சோலும் (பிரீபிபிஎக்ஸின் கட்டளைக் கருவி) பிஎச்பியில் எழுதியதுதான், அதையும் நம்பாதீங்க.

ஓடும்போதே காப்பி எடுங்க: இ.டி.சி-யில் உள்ள ஆஸ்டெரிஸ்க் கோப்புறை, வார்-லிப் பக்கம் உள்ளது (அறிவிப்புக் குரல்கள்), வார்-ஸ்பூல் பக்கம் உள்ளது (வாய்ஸ்மெயில், ரெக்கார்டிங்). மரியாடிபி டேட்டாபேஸில் 'ஆஸ்டெரிஸ்க்', 'ஆஸ்டெரிஸ்க்சிடிஆர்டிபி' இரண்டையும் டம்ப் எடுத்து வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்புங்க. அதே டிஸ்கில் வைத்தால் அது பேக்கப் இல்லை. ஆட்டோரிமூவ் மட்டும் கொடுத்துடாதீங்க. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த ஆஸ்டெரிஸ்க்கை ஆப்டுக்கு (டெபியனில் மென்பொருளைப் போடும், எடுக்கும் கருவி) தெரியாது. அதற்கு வேண்டிய பழைய லைப்ரரியை வேண்டாத சாமான் என்று தூக்கிவிடும்.

அதே நபர்: நான் 13 கேட்கவே இல்லையே?

பதில்: சோர்சஸ் பட்டியலில் (மென்பொருளை எங்கிருந்து எடுப்பது என்ற கோப்பு) 'புக்வோர்ம்' (டெபியன் 12-ன் பெயர்) இருக்க வேண்டிய இடத்தில் 'ஸ்டேபிள்' (அந்தந்த நேரத்து நிலையான பதிப்பு) இருக்கும், பாருங்க. 2025 ஆகஸ்ட் 9-ல் டிரிக்ஸி (டெபியன் 13) ஸ்டேபிள் ஆனது. ஆப்ட் அப்டேட் 'கோட்நேம் மாறியிருக்கு, ஏற்கிறாயா' என்று கேட்டிருக்கும், 'ஒய்' (யெஸ்) தட்டியிருப்பீங்க. எந்த நேரத்தில் எது மாறியது என்பது வார்-லாக்-ஆப்டில் ஹிஸ்டரி லாகில் வரிவரியாக இருக்கு.

மன்னார்குடி, அரிசி ஆலை: ரீபூட் பண்ணிட்டேன் சார். பிஆர்ஐ லைன் (டிஜிட்டல் டெலிபோன் லைன்) செத்துப்போச்சு.

பதில்: டாடி மாட்யூல் (லைன் கார்டின் டிரைவர்) கெர்னலோடு (இயங்குதளத்தின் மையம்) கட்டியது. 12-ன் கெர்னல் 6.1, 13-ன் கெர்னல் 6.12, புதியதற்கு மாட்யூல் இல்லை. ரீபூட்டில் க்ரப் மெனு வந்ததும் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 6.1-ஐத் தேர்ந்தெடுங்க. ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் 'பிஆர்ஐ ஷோ ஸ்பான்ஸ்' அடித்தால் 'அப், ஆக்டிவ்' வரணும். இது ஒட்டுப்போடுவதுதான், ஆனால் கொள்முதல் நாளில் லைன் இருந்தால் போதும்.

திருவாரூர்: அப்கிரேடு நடுவிலேயே கரண்ட் போயிடுச்சு. யுபிஎஸ் பேட்டரியும் காலி.

பதில்: முதலில் 'டிபிகேஜி --ஆடிட்' (பாதியில் நின்றவற்றைக் காட்டும்). பிறகு 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ', அதன்பின் 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. கன்ஃபிக் கோப்பை மாற்றட்டுமா என்று கேட்டால் 'என்' (நோ) கொடுங்க. 'ஒய்' கொடுத்திருந்தால் பழையது 'டிபிகேஜி-ஓல்டு' என்ற வாலோடு பக்கத்திலேயே கிடக்கும். என்எஃப்டேபிள்ஸ் (ஃபயர்வால்) கோப்பை முதலில் பாருங்க. ஃபயர்வால் விதி போய் 5060 (இன்டர்நெட் கால்களுக்கான போர்ட்) திறந்து கிடந்தால், வெளிநாட்டு காலுக்கு பில் உங்களுக்கு வரும்.

நாகப்பட்டினம்: 13-லிருந்து 12-க்கு இறக்க முடியுமா?

பதில்: டெபியன் அதை ஆதரிப்பதில்லை. க்ளிப்சி-யிலிருந்து (அடிப்படை லைப்ரரி) எல்லாம் ஏறியாச்சு, பின்னால் இழுத்தால் பாதியில் நிற்கும். வேறு டிஸ்கில் 12 புதிதாகப் போட்டு, பிரீபிபிஎக்ஸ் 17 ஸ்கிரிப்டை ஓட்டி, அதே ஆஸ்டெரிஸ்க் பதிப்பை வைத்து, டேட்டாபேஸை இறக்கி, 'எஃப்டபிள்யூகன்சோல் சி-எச்-ஓன்' (கோப்புகளின் உரிமையைச் சரிசெய்யும்), பிறகு 'ரீலோட்'. பலர் சறுக்குவது பழைய இ.டி.சி-யின் பிரீபிபிஎக்ஸ்.கான்ஃப் கோப்பையும் மேலே காப்பி செய்வதில். அதிலுள்ள டேட்டாபேஸ் பாஸ்வேர்டு புதிய பெட்டியோடு ஒத்துப்போகாது. அந்த ஒரு கோப்பு புதியதாகவே இருக்கட்டும். பழைய ஐபி முகவரியையே கொடுத்தால் ஒரு போனையும் தொட வேண்டாம். பழைய பெட்டியின் கேபிளைக் கழற்றிவிட்டுக் கொடுங்க.