வாசகர் கேள்வி – பதில்: மடத்துக்குள்ளிருந்து படித்த கவிஞர்

கேள்வி: எங்கள் பள்ளியில் இலக்கியம் நடத்திய அருட்சகோதரி, அமெரிக்கக் கவிஞர் சகோதரி மேடலேவாவைப் பற்றி அடிக்கடி சொல்வார். யார் அவர்? மடத்து ஒழுங்குக்கும் கவிதைக்கும் ஒத்துப்போகுமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: விஸ்கான்சின் மாநிலத்துக் கம்பர்லாந்து என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் செய்து பிழைத்த ஜெர்மானியக் குடியேறி ஒருவரின் மகளாக 1887-இல் பிறந்தவர் மேடலேவா உல்ஃப். இந்தியானா மாநிலத்தின் செயின்ட் மேரிஸ் கல்லூரிக்குப் படிக்க வந்தவர், 1908-இல் அக்கல்லூரியை நடத்திவந்த திருச்சிலுவைச் சகோதரிகள் சபையிலேயே சேர்ந்துவிட்டார். 1923-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 1925-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் கன்னியர் அவரே.

ஒத்துப்போகுமா என்று கேட்டீர்கள். மடத்து வாழ்வே அவருக்கு இலக்கியம் படிக்கும் கண்ணைக் கொடுத்தது என்பேன். ஆங்கிலக் கவிஞர் சாஸர் 'கேன்டர்பரி கதைகள்' என்னும் தம் யாத்திரிகர் கதைகளில் மடத்துத் தலைவி ஒருத்தியைப் படைத்திருக்கிறார். உண்ணும்போது உதட்டிலிருந்து ஒரு துணுக்கும் சிந்தாதவள்; பொறியில் அகப்பட்ட எலியைக் கண்டாலும் அழுபவள்; தன் நாய்க்குட்டிகளுக்குப் சுட்ட இறைச்சியும் பாலும் ஊட்டுபவள்; 'அன்பு அனைத்தையும் வெல்லும்' என்று இலத்தீனில் பொறித்த பொன் பதக்கத்தைப் பவளச் செபமாலையில் தொங்கவிட்டவள். துறவி வேடத்தில் உலவும் சீமாட்டி என்று அறிஞர்கள் அவளை எள்ளிவந்தபோது, அவள் சார்ந்த பெனடிக்ட் துறவியர் சபையின் ஒழுங்கையும் மடத்தின் அன்றாட நடைமுறையையும் அறியாமல் சொல்லப்பட்ட தீர்ப்பு அது என்று மேடலேவா ஒரு கட்டுரையில் வாதிட்டார். நாய்க்குட்டிகள் விஷயத்தில் எனக்கு இன்னும் சிறு ஐயம் உண்டு. ஆனாலும் உள்ளே வாழ்ந்தவர் படித்துக் காட்டும்போது, அதே வரிகள் வேறாகத் தெரிவதை மறுக்க முடியவில்லை.

அவருடைய கவிதைகள் பெரும்பாலும் சிறியவை, ஓசைக்கட்டு உள்ளவை. முதல் தொகுப்பின் தலைப்புக் கவிதையில், மரணத்தைப் பகைவனாகக் காணாமல், தன்னுடன் ஒன்றாகப் பிறந்து, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் குடியிருந்து, தான் உறங்கினாலும் உறங்காமல் நெஞ்சருகே காவலிருப்பவனாகக் காண்கிறார். தொகுப்புகளில் உள்ளவை அனைத்தும் இந்தத் தரத்தில் இல்லை.

கேள்வி: அப்படியானால் அவர் பெயர் எதனால் நிலைத்தது? (அதே வாசகி)

பதில்: கல்வியால் என்பது என் கருத்து. சால்ட் லேக் சிட்டியில் ஒரு கல்லூரிக்குத் தலைவராக இருந்தபின், 1934 முதல் 1961 வரை செயின்ட் மேரிஸ் கல்லூரியின் தலைவராக இருந்தார். இறையியலில் மேற்படிப்புப் படிக்க விரும்பிய பெண்களுக்கு அன்றைய அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் இடம் தரவில்லை. கேட்டுப் பார்த்துச் சலித்த மேடலேவா, 1943-இல் தம் கல்லூரியிலேயே அவர்களுக்கென ஒரு பள்ளியைத் திறந்துவிட்டார்.

1949-இல் அவர் முன்வைத்த 'சகோதரி லூசி' வாதமும் அத்தகையதே. லூசி என்பது அவரே கற்பனை செய்துகொண்ட இளம்பெண். மடத்தில் சேராமல் ஆசிரியையாக விரும்பியிருந்தால், பட்டப்படிப்பை முடித்த பிறகே அவள் வகுப்பறைக்குள் நுழைந்திருப்பாள். மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்பதற்காகப் படிப்பு முடியுமுன்பே அவளைக் கரும்பலகை முன் நிறுத்துவதும், மீதிப் படிப்பைப் பல ஆண்டுக் கோடை விடுமுறைகளில் துண்டு துண்டாக முடிக்கச் சொல்வதும் என்ன நியாயம் என்று கேட்டார். கன்னியரின் பயிற்சியைச் சீர்செய்ய 1954-இல் அமெரிக்காவில் எழுந்த அமைப்புக்கு இந்த வாதமும் ஒரு வித்து.

அவரை வாசிக்க விரும்பினால், சாஸரின் கதைகளுக்கான முகவுரையில் அந்த மடத்துத் தலைவி வரும் பகுதியை முதலில் படித்துவிட்டு, அவளைப் பற்றிய மேடலேவாவின் கட்டுரைக்குச் செல்லுங்கள். கவிதைகள் அதன்பின் வரட்டும்.